பெட்டிக்குள் பட்டு: வாசகர் கேள்விகள், என் பதில்கள்

ஆடி போய் ஆவணி வந்துவிட்டது. முகூர்த்தங்கள் தொடங்கியதும் இந்தப் பகுதிக்கு வரும் கடிதங்களின் குரலே மாறிவிடுகிறது. செடி, சமையல், தலைமுடி எல்லாம் பின்னால் போய், “பெட்டியைத் திறந்தால் புடவை கசங்கிக் கிடக்கிறது” என்கிற புலம்பல் முன்னால் வந்து நிற்கிறது. அதனால் இந்த முறை முழுக்க ஊர் ஊராகப் போகிறவர்களும் அவர்களுடைய நல்ல துணிகளும்தான். வங்கியின் ஆய்வுப் பிரிவில் 22 வருடம் இருந்து, மாதத்தில் பாதி நாள் லாட்ஜில் குடியிருந்தவள் நான். கீழே சொல்வதில் பாதி படித்தது, மீதி பட்டுத் தெரிந்துகொண்டது.

கோயம்புத்தூர் வாசகி: என் வீட்டுக்காரருக்குச் சொந்தபந்தம் அதிகம். மாதத்துக்கு இரண்டு கல்யாணமாவது வந்துவிடும். சேலம், காரைக்குடி, சென்னை என்று அலைகிறோம். ஒவ்வொரு தடவையும் மூன்று பட்டுப்புடவை எடுத்துப்போகிறேன். போன மாதம் என் கல்யாணப் புடவையை விரித்தால், மடிப்பு விழுந்த இடத்தில் ஜரிகை பிரிந்து நிற்கிறது. சுருட்டி வைப்பது நல்லதா, மடித்து வைப்பதா?

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், இன்று எல்லோருக்கும் சொல்லப்போவதும் இதைத்தான். நாம் எல்லோரும் சுருக்கத்துக்குப் பயப்படுகிறோம். சுருக்கம் ஒரு விஷயமே இல்லை, ஐந்து நிமிடத்தில் போய்விடும். போகாதவை மூன்று: முறிந்த ஜரிகை, உள்ளே தங்கிய ஈரம், கறை. சுருக்கம் வரக் கூடாது என்று நாம் செய்கிற வேலைகளில் பல, இந்த மூன்றில் ஒன்றைத்தான் கூட்டிக்கொண்டு வருகின்றன.

உங்கள் புடவைக்கு நடந்தது முதல் வகை. நல்ல காஞ்சிபுரம் ஜரிகை என்பது நூல் மாதிரி தெரிந்தாலும் நூல் இல்லை. நடுவில் ஒரு பட்டு இழை, அதைச் சுற்றித் தட்டையாக்கிய வெள்ளிக் கம்பி, அதன்மேல் தங்க முலாம். கம்பி ஒன்றை ஒரே இடத்தில் இப்படியும் அப்படியும் வளைத்தால் என்ன ஆகும்? முறியும். அதே மடிப்பில் பத்துத் தடவை மடித்து, மேலே ஒரு ஜோடிச் செருப்பும் அழகுசாதனப் பையும் வைத்து அழுத்திக்கொண்டு போனால், ஜரிகையும் அப்படித்தான் முறியும். கடையில் கட்டிக் கொடுத்த மடிப்பிலேயே வருடக்கணக்கில் வைத்திருக்கிறவர்கள் நிறையப் பேர். அந்த மடிப்பு கடை அலமாரிக்கானது, நம் வீட்டுக்கானது அல்ல.

மடிப்பதா, சுருட்டுவதா என்றால், கனமான ஜரிகைப் புடவைக்குச் சுருட்டல். அதை எப்படிச் செய்வது என்பதில்தான் தப்பு நடக்கிறது. புடவையை உள்பக்கம் வெளியே வரும்படி நீளவாக்கில் இரண்டாக, பிறகு நான்காகத் தளர்வாக மடியுங்கள். விரலால் நீவி நீவிக் கூர்மையாக்க வேண்டாம். உள்ளே, முந்தியும் கரையும் ஒன்றோடொன்று உரசும் இடங்களில் மல் துணி வையுங்கள். வீட்டில் பழைய மல் வேட்டி இருந்தால் அதைக் கிழித்துக்கொள்ளலாம், அதைவிட நல்ல துணி காசு கொடுத்தாலும் கிடைக்காது. அப்புறம் ஒரு குளியல் துண்டை உருளையாகச் சுற்றி, அதன்மேல் புடவையைச் சுருட்டுங்கள். துண்டு எப்படியும் எடுத்துப்போகிற சாமான்தானே. முடிவில் பருத்தி நாடாவால் கட்டுங்கள். ரப்பர் பேண்ட் வேண்டவே வேண்டாம். ரப்பரில் கந்தகம் இருக்கிறது, வெள்ளிக்கும் கந்தகத்துக்கும் ஆகாது. ரப்பர் பட்ட இடத்தில் ஜரிகை கோடு போட்டாற்போல் கறுத்துப்போகும், அதை எந்தச் சலவைக்காரராலும் மீட்க முடியாது.

பெட்டிக்குள் எங்கே வைப்பது என்பதும் முக்கியம். சக்கரப் பெட்டியை நிமிர்த்தி இழுத்துப்போகும்போது சக்கரம் இருக்கும் பக்கம்தான் கீழே. செருப்பு, சீப்பு, சார்ஜர், குழந்தையின் பால் டின் எல்லாம் அங்கே போக வேண்டும். பட்டு எதிர்ப்பக்கத்தில், கைப்பிடி அருகே. பெட்டியில் காலியிடம் இருந்தால் துணி வழுக்கி ஒரு மூலையில் குவிந்துவிடும், ஆகவே உள்பாவாடை, துண்டு என்று மெத்தென்ற எதையாவது வைத்து இடத்தை நிரப்பிவிடுங்கள். நீங்கள் ரயிலில் போகிறீர்கள் என்றால் எடைக்கும் கவலை இல்லை. ஸ்லீப்பரிலேயே ஆளுக்கு 40 கிலோ வரை கொண்டுபோகலாம், அந்தத் தாராளத்தைப் பயன்படுத்திக் கொஞ்சம் பெரிய பெட்டியாக எடுத்து, அழுத்தாமல் வையுங்கள்.

இன்னொன்றும் சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். மாதம் இரண்டு தடவை கல்யாணப் புடவை ஊர் சுற்ற வேண்டியதில்லை. முகூர்த்தத்துக்கு ஒரு ஜரிகைப் பட்டு, முந்தின நாள் வரவேற்புக்கு மெல்லிய சாஃப்ட் சில்க் ஒன்று, போதும். கல்யாணப் புடவை நெருங்கின சொந்தத்துக்கு மட்டும் வெளியே வரட்டும். பீரோவில் இருக்கும்போதும் மூன்று மாதத்துக்கு ஒரு தடவை எடுத்து, நிழலில் காற்றாட விட்டு, மடிப்பை இடம் மாற்றி வையுங்கள். பிரிந்து நிற்கும் ஜரிகையைக் கத்தரிக்காதீர்கள், இழுக்கவும் வேண்டாம். பட்டுக்கு டார்னிங் போடுகிறவர்கள் இருக்கிறார்கள், அவர்களிடம் காட்டுங்கள்.

சென்னை, குரோம்பேட்டை வாசகி: இப்போது புடவையைக் கொசுவம் வைத்து இஸ்திரி போட்டு பாக்ஸ் ஃபோல்டிங் செய்து தருகிறார்களே, பயணத்துக்கு அது வசதியாக இருக்கிறது. செய்யலாமா?

தாராளமாகச் செய்யலாம், ஐந்து நிமிடத்தில் கட்டி முடிக்கலாம், மண்டபத்து அறையில் ஊக்கைத் தேடி அலைய வேண்டியதில்லை. ஆனால் அந்த மடிப்பு ஒவ்வொன்றும் சூட்டில் அழுத்தி உட்கார வைத்தது. கல்யாணம் முடிந்து வீட்டுக்கு வந்த அன்றே பிரித்துவிடுங்கள். அடுத்த கல்யாணம் வரை அப்படியே இருக்கட்டும் என்று பெட்டியோடு பீரோவில் வைத்தால், மேலே சொன்ன கம்பிக் கதைதான். இன்னொரு கவனம்: விலை குறைந்த புடவைகளில் ஜரிகை என்று இருப்பது பல சமயம் பளபளக்கும் பிளாஸ்டிக் இழை. இஸ்திரி சூட்டில் அது சுருண்டு போகும். கொடுப்பதற்கு முன்னால் இன்ன ஜரிகை என்று சொல்லிக் கொடுங்கள்.

மயிலாடுதுறைப் பக்கத்து நாகஸ்வரக் கலைஞர்: சீசனில் தொடர்ந்து ஏழெட்டு நாள் கச்சேரி. இரவு வாசித்து முடித்துப் பஸ் ஏறினால் காலையில் வேறு ஊர். பட்டு வேட்டி, அங்கவஸ்திரம் வியர்வையோடே பைக்குள் போகிறது. இரண்டு வருடத்தில் வேட்டி இற்றுப்போகிறது. என்ன செய்வது?

ஐயா, இன்று வந்த கடிதங்களில் நிஜமான கஷ்டம் உங்களுடையதுதான். இரண்டு மணி நேரம் உட்கார்ந்து மூச்சுப் பிடித்து வாசிக்கிறவருக்கு வியர்க்காமல் என்ன செய்யும்? பட்டு இற்றுப்போவதற்கு வியர்வை ஒரு பெரிய காரணம். அதில் உப்பு இருக்கிறது, ஈரத்தோடு மூடிக் கிடந்தால் இழையை அரிக்கிறது. நிறம் மங்குவதும் ஜரிகை கறுப்பதும் அதனோடு சேர்ந்து வரும்.

உங்களுக்கு முதல் யோசனை, வேட்டிக்குள் மெல்லிய பருத்தி வேட்டி ஒன்று, இல்லையென்றால் முழங்கால் வரை வரும் பருத்தி உள்ளாடை. வியர்வையை அது குடிக்கட்டும். வாசித்து முடித்தவுடன் பட்டைக் கழற்றிவிடுங்கள். சாப்பாட்டுக்கு இலை போட்டு, சன்மானம் வாங்கி, நாலு பேரிடம் பேசி விடைபெற எப்படியும் ஒரு மணி நேரம் ஆகும். அந்த நேரம் முழுக்க வேட்டி அறையில் மின்விசிறிக்குக் கீழே கொடியில், உள்பக்கம் வெளியே தெரியும்படி தொங்கட்டும். சந்தனம் பட்டிருந்தால் காயவிட்டு மென்மையான பிரஷ்ஷால் தட்டுங்கள். குங்குமம் என்றால் உதறுங்கள், தண்ணீரைத் தொட்டுத் துடைத்தால் சிவப்பாகப் படர்ந்துவிடும். பொதுவாகவே பட்டின்மேல் தண்ணீர் தெளிப்பது வேண்டாம், திட்டுத் திட்டாகத் தடம் விழும்.

பஸ் காத்திருக்கிறது, காய நேரமே இல்லை என்கிற நாளில், உலர்ந்த பருத்தித் துண்டுக்குள் வேட்டியை வைத்துச் சுருட்டி, துணிப்பையில் போட்டு, உங்கள் மடியிலோ தலைக்கு மேலேயோ வையுங்கள். பாலித்தீன் பையில் போட்டால் அந்த ஈரம் காலை வரை உள்ளேயே வேகும். ஊர் போய்ச் சேர்ந்ததும் முதல் வேலை, காபிக்கும் முன்னால், துண்டைப் பிரித்து வேட்டியை உலர்த்துவது. மழைக்காலத்தில் பஸ்ஸின் அடிப்பெட்டிக்குள் தண்ணீர் போவதுண்டு, அதற்கு பிளாஸ்டிக் உறை அவசியம்தான். ஆனால் அது பெட்டிக்கு வெளியே இருக்க வேண்டும். துணியைத் தொடுவது பருத்தி, மழையைத் தொடுவது பிளாஸ்டிக், இந்த வரிசை மாறக் கூடாது.

அங்கவஸ்திரத்தின் விசிறி மடிப்பு கலையாமல் இருக்க, மடிப்போடு சேர்த்தே இறுக்கமில்லாமல் சுருட்டி, நாடா கட்டிக்கொள்ளுங்கள். முடிந்தால் இரண்டு வேட்டி வைத்து, ஒன்றுக்கு ஒரு நாள் ஓய்வு கொடுங்கள். செலவு இரட்டிப்பு மாதிரித் தெரியும். ஆனால் ஈரம் முழுசாகக் காய்ந்த வேட்டி நிச்சயம் கூட நாள் உழைக்கும். சென்ட் போடுகிற பழக்கம் இருந்தால் உடம்பில் போட்டு, காய்ந்த பிறகு பட்டைத் தொடுங்கள்.

நாகர்கோவில் வழக்கறிஞர்: வாரம் ஒரு தடவையாவது உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளைக்கு வழக்குக்காகப் போகிறேன். கறுப்புக் கோட்டைப் பையில் வைத்தால் கசங்குகிறது, போட்டுக்கொண்டு பஸ்ஸில் உட்கார்ந்தால் முதுகெல்லாம் சுருக்கம். வெள்ளைச் சட்டைக் காலர் வேறு படுத்துவிடுகிறது.

2004ல் மதுரைக் கிளை வருவதற்கு முன்னால் உங்கள் சீனியர்கள் இதே கோட்டோடு சென்னை வரை போய் வந்திருக்கிறார்கள், அவர்களை நினைத்துக் கொஞ்சம் ஆறுதல் கொள்ளுங்கள்!

கோட்டுக்கு ஒரு பழைய வித்தை உண்டு, தையல்காரர்களைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வார்கள். கோட்டின் ஒரு தோளை மட்டும் உட்புறம் வெளியே வரும்படி திருப்புங்கள். மற்றத் தோளை அப்படியே அதற்குள் செருகுங்கள், ஒரு கிண்ணத்துக்குள் இன்னொரு கிண்ணம் உட்காருவது போல. இப்போது கோட்டு நீளவாக்கில் பாதியாகி, லைனிங் துணி வெளியேயும் கறுப்புத் துணி உள்ளேயும் இருக்கும். நடுவில் ஒரு துண்டையோ பனியனையோ உருட்டி வைத்து, அதன்மேல் குறுக்காக ஒரே ஒரு மடிப்பு. பையில் எல்லாவற்றுக்கும் மேலே வையுங்கள். கேஸ் கட்டுகளுக்குக் கீழே வைத்தால் இந்த வித்தையால் ஒரு பலனும் இல்லை. ரயில் என்றால் ஜன்னலோரக் கொக்கி இருக்கிறது, ஹேங்கரோடு மாட்டிவிடலாம். கம்பி ஹேங்கர் வேண்டாம். தோளில் முட்டு விழும், துருவும் ஒட்டும்.

கோட்டில் கம்பளி கலந்திருந்தால் பாதி வேலையை அதுவே செய்துகொள்ளும். இறங்கினதும் தொங்கவிட்டால் ஒரு மணி நேரத்தில் சுருக்கம் தானாக இறங்கும், கம்பளி இழைக்குச் சுருள்வில் மாதிரி ஒரு குணம் உண்டு. கறுப்புத் துணியில் நேரடியாக இஸ்திரிப் பெட்டியை வைக்காதீர்கள், முழங்கையிலும் பின்பக்கத்திலும் மினுமினுப்புத் தட்டிவிடும். அது போகாது. ஈரமான கைக்குட்டையை மேலே விரித்து அதன்மேல் தேயுங்கள். பஞ்சும் தூசியும் ஒட்டியிருந்தால் செல்லோடேப்பைப் பசைப்பக்கம் வெளியே வரக் கையில் சுற்றிக்கொண்டு தட்டி எடுக்கலாம்.

காலருக்கு, சட்டையை மடித்த பிறகு பெல்ட்டை வட்டமாகச் சுருட்டிக் காலருக்குள் நிற்க வையுங்கள். வெள்ளைச் சட்டை என்றால் பெல்ட்டின் சாயம் ஒட்டாமல் இருக்க நடுவில் ஒரு கைக்குட்டை. கழுத்தில் கட்டுகிற வெள்ளைப் பட்டைகளை எவர்சில்வர் டிபன் டப்பாவில் போட்டுக்கொண்டு போகிற ஒரு வக்கீல் அம்மாவை எனக்குத் தெரியும். சிரித்தேன், பிறகு யோசித்துப் பார்த்தால் அதைவிட நல்ல பெட்டி எது? அப்புறம் கஞ்சி. பயணத்துக்குப் போகிற சட்டைக்குக் கஞ்சி குறைவாகப் போடச் சொல்லுங்கள். மொடமொடவென்று இருக்கும் துணி மடித்தால் காகிதம் மாதிரி கோடு வாங்கிக்கொள்ளும், அந்தக் கோட்டை எடுக்க மறுபடி தண்ணீர் தெளித்துத் தேய்க்க வேண்டும்.

திருச்சி வாசகர்: குளியலறையில் வெந்நீரைத் திறந்துவிட்டு சட்டையைத் தொங்கவிட்டால் சுருக்கம் போய்விடும் என்கிறார்களே, உண்மையா?

பாதி உண்மை. துணி இழைகள் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டிருக்கும் பிணைப்பு ஈரத்தில் தளரும், காயும்போது எந்த நிலையில் இருக்கிறதோ அந்த நிலையிலேயே மறுபடி இறுகும். வியர்த்து உட்கார்ந்து எழுந்தால் மடியில் சுருக்கம் விழுந்து நிற்பதும் இதனால்தான். ஆக, ஆவியில் பத்து நிமிடம் காட்டி, கையால் இழுத்துவிட்டு, வெளியே கொண்டுவந்து முழுக்கக் காயவிட்டால் கம்பளி, கலப்புத் துணி, மெல்லிய பருத்தி எல்லாம் தேறிவிடும். கனமான பருத்திக்கும் லினனுக்கும் இது போதாது, அவற்றுக்கு அழுத்தமும் வேண்டும். ஜரிகைப் புடவைக்கு இதைச் செய்யவே செய்யாதீர்கள். இரண்டு வாளி வெந்நீர் வீணாகுமே என்று எனக்கு மனசு கேட்காது, அதனால் நான் குளித்து முடித்த பிறகுதான் சட்டையை உள்ளே மாட்டுவேன்.

லாட்ஜ் இஸ்திரிப் பெட்டியைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். முன்னால் தங்கினவர் எதைத் தீய்த்தாரோ தெரியாது, அடியில் பழுப்பாக ஒட்டிக்கொண்டிருக்கும். முதலில் அவர்கள் கொடுத்த வெள்ளைத் துண்டின்மேல் நாலு தடவை தேய்த்துப் பாருங்கள். பெட்டியில் புள்ளிகள் இருந்தால் ஒரு புள்ளி சுமார் 110 டிகிரி, இரண்டு புள்ளி 150, மூன்று புள்ளி 200. மூன்று பருத்திக்கும் லினனுக்கும். பட்டை உள்பக்கம் திருப்பி, மேலே துணி விரித்து, குறைந்த சூட்டிலிருந்து தொடங்குங்கள்.

தஞ்சாவூர் வாசகி: மகளின் சீமந்தத்துக்கு அமெரிக்கா போகிறேன். ஆறு பட்டுப்புடவை, மாமியார் வீட்டாருக்கு வேட்டி, கூடவே பொடி, ஊறுகாய், அப்பளம். எதை எங்கே வைப்பது?

வாழ்த்துகள்! முதல் விதி, ஊறுகாயும் பட்டும் ஒரே பெட்டியில் போகக் கூடாது. எத்தனை கவர் சுற்றினாலும் சரி, அந்த ஆவக்காய் எண்ணெய்க்கு வழி தெரியும். அமெரிக்காவுக்குப் பொதுவாக 23 கிலோவில் இரண்டு பெட்டி அனுமதிப்பார்கள், ஒன்று சாப்பாட்டுக்கு, ஒன்று துணிக்கு என்று பிரித்துவிடுங்கள். டிக்கெட்டில் அளவை ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள்.

சீமந்தத்துக்குக் கட்டப்போகிற புடவையும் மகளுக்குக் கொடுக்கப்போகிற புடவையும் உங்கள் கைப்பெட்டியில் இருக்கட்டும். பெட்டி வராமல் போனாலும் விசேஷம் நிற்காது. கைப்பெட்டிக்குப் பெரும்பாலும் 7 கிலோதான். வெறும் பெட்டியே இரண்டரை, மூன்று கிலோ இருக்கும், கனமான காஞ்சிப்பட்டு ஒன்று முக்கால் கிலோவிலிருந்து ஒரு கிலோவைத் தொடும். மருந்து, கண்ணாடி, மாற்று உடை போக இரண்டு, மூன்று புடவைக்குமேல் இடமில்லை. சக்கரம் இல்லாத துணிப்பையாக எடுத்தால் ஒரு புடவை எடை மிச்சம். எண்ணெயோ சென்ட்டோ, குப்பி 100 மில்லிக்குமேல் இருந்தால் கைப்பெட்டியில் கொண்டுபோக விடமாட்டார்கள், பட்டோடு அது இல்லாமல் இருப்பதே நல்லது.

ஒப்படைக்கிற பெட்டியை அமெரிக்க விமான நிலையத்தில் திறந்து பார்க்கக் கூடும். பார்த்தால் உள்ளே ஒரு சீட்டு வைத்துவிட்டு மூடிவிடுவார்கள். நீங்கள் பூவைப் போல் வைத்ததை அவர்கள் அப்படியே வைப்பார்கள் என்று எதிர்பார்க்க முடியாது. ஆகவே ஒவ்வொரு புடவையும் தனித்தனித் துணிப்பையில் இருந்தால், கை படுவது பையில்தான், புடவையில் இல்லை. பெட்டியை மூடும் முன் உள்ளே இருப்பதை செல்போனில் நாலு படம் எடுங்கள்.

ஏன் படம் என்றால், பெட்டி தொலைந்தால் அதுதான் உங்கள் சாட்சி. பெட்டி வரவில்லை என்றால் விமான நிலையத்தை விட்டு வெளியே வருவதற்குள் புகார் பதிந்து, அந்தத் தாளை வாங்கிக்கொள்ளுங்கள். சர்வதேசப் பயணத்துக்கு 1999 மாண்ட்ரியல் உடன்படிக்கைதான் அளவுகோல். சேதம் என்றால் பெட்டி கைக்கு வந்த 7 நாளுக்குள் எழுத்தில் புகார் தர வேண்டும், தாமதம் என்றால் கைக்கு வந்த 21 நாளுக்குள். 21 நாள் கழிந்தும் வராத பெட்டி தொலைந்த கணக்கு. இழப்பீட்டுக்கு உச்சவரம்பு உண்டு, பயணிக்கு 2,000 டாலரைச் சுற்றி வரும், அதுவும் பொருளின் மதிப்பைக் காட்டினால்தான். உள்நாட்டு விமானத்தில் இந்த வரம்பு 20,000 ரூபாய்தான், ஒரு நல்ல முகூர்த்தப் பட்டின் விலைகூட இல்லை. அதனால்தான் கைப்பெட்டி, கைப்பெட்டி என்று அடித்துக்கொள்கிறேன்.

இங்கிருந்து ஆவி இஸ்திரிப் பெட்டி வாங்கிக்கொண்டு போகாதீர்கள். நம் மின்சாரம் 230 வோல்ட், அங்கே 120. நம் பெட்டி அங்கே சூடே ஏறாது. சிங்கப்பூர், மலேசியா, லண்டன் என்றால் வேலை செய்யும், பிளக் மட்டும் மாறும்.

பாளையங்கோட்டை வாசகி: பெட்டியில் பாச்சா உருண்டை போடலாமா? வீட்டில் பேரன் பிறந்திருக்கிறான்.

வேண்டாம். பேரனுக்காகவே வேண்டாம். ஜி6பிடி என்கிற நொதிக் குறைபாடு உள்ள குழந்தைகளுக்கு அந்த உருண்டையின் வாடை பட்ட துணி போதும், ரத்தச் சிவப்பணுக்கள் சிதைந்து மஞ்சள் காமாலை கடுமையாகிவிடும். எந்தக் குழந்தைக்கு அந்தக் குறைபாடு இருக்கிறது என்று பார்த்தால் தெரியாது. நம் பக்கத்தில் குழந்தைத் துணியையும் அதே பீரோவில் வைக்கிற வழக்கம் இருக்கிறதே, அதை முதலில் விட வேண்டும்.

நாலு நாள் பயணத்துக்கு எந்த உருண்டையும் தேவையில்லை. பூச்சி வருவது பயணத்தில் அல்ல, திரும்பி வந்து அழுக்கோடு உள்ளே வைக்கும்போது. துணி அரிக்கும் அந்துப்பூச்சியின் புழுவுக்கு வியர்வையும் சாப்பாட்டுக் கறையும் பட்ட பட்டு, கம்பளி என்றால் விருந்து. இராமபாணப் பூச்சிக்குக் கஞ்சி பிடிக்கும், அதனால் கஞ்சி போட்ட வேட்டியையும் புடவையையும் மாதக்கணக்கில் உள்ளே வைக்கக் கூடாது, அலசிக் காயவைத்துத்தான் வைக்க வேண்டும். காய்ந்த வேப்பிலையும் வசம்பும் சின்னத் துணி முடிச்சில் போட்டு வைக்கலாம், பாட்டி காலத்து வழி. அவை பூச்சியைக் கொல்லும் என்று நினைக்காதீர்கள், தள்ளி நிற்க வைத்தாலே பெரிது. முடிச்சு ஜரிகையில் படாமல் மூலையில் இருக்கட்டும்.

ஓசூர் வாசகர்: காற்றை உறிஞ்சி எடுக்கும் பிளாஸ்டிக் பைகள் வாங்கலாமா?

ஸ்வெட்டருக்கு, ரஜாய்க்கு, சரி. பட்டுக்கும் கோட்டுக்கும் வேண்டாம், அப்பளம் மாதிரி அழுத்திவிடும். இடம்தான் குறையும், எடை குறையாது. இடம் கிடைத்த சந்தோஷத்தில் இன்னும் நாலு துணி திணித்து, விமான நிலையத்தில் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருக்கிறவர்களைப் பார்த்திருப்பீர்களே.

விருதுநகர் வாசகி: ஆரி வேலைப்பாடு செய்த பிளவுஸ், கல்லும் முத்தும் வைத்தது. ஒவ்வொரு பயணத்திலும் இரண்டு கல்லாவது உதிர்கிறது.

அதைப் புடவைக்குள் வைத்துச் சுருட்டுகிறீர்களா? அப்படியானால் கல் உதிர்வது மட்டுமல்ல, புடவையின் இழையையும் பிடித்து இழுத்திருக்கும், பாருங்கள். பிளவுஸை உள்பக்கம் வெளியே திருப்பி, கைப்பகுதிக்குள்ளும் முதுகுக்கும் நடுவே மல் துணி வைத்து, வேலைப்பாடு மடியாத இடமாகப் பார்த்து ஒரே மடிப்பு. பிறகு கெட்டியான அட்டைப் பெட்டி, புடவை வாங்கும்போது கொடுப்பார்களே அந்தப் பெட்டியே போதும். கூடவே ஊசி, அதே நிற நூல், உதிர்ந்த கல்லைப் போட ஒரு சின்ன டப்பா. பசையால் ஒட்டின கல் வெயிலில் நிற்கும் காருக்குள் இளகிவிடும், தைத்த கல்தான் பயணத்துக்கு லாயக்கு. தைக்கக் கொடுக்கும்போதே கேட்டுவிடுங்கள்.

புதுச்சேரி கல்லூரி மாணவி: இவ்வளவு சொல்கிறீர்களே, உங்கள் துணி எதுவும் கெட்டுப்போனதே இல்லையா?

நல்லா கேட்டாய் போ! ஒரு டிசம்பர் மாதம் ஊட்டியில் கிளை ஆய்வு. அது முடிந்த கையோடு சென்னையில் தங்கையின் நாத்தனாருக்குக் கல்யாணம். அரக்கு நிறத்தில் பச்சைக் கரை போட்ட பட்டு ஒன்றைத் துண்டில் சுருட்டி, நான் இங்கே சொன்னபடியே எல்லாம் செய்து, பெட்டியில் வைத்திருந்தேன். தேங்காய் எண்ணெய்க் குப்பியையும் அதே பெட்டியில் போட்டேன். ஊட்டிக் குளிரில் எண்ணெய் கல்லாக உறைந்திருந்தது. கரண்டிக் காம்பால் சுரண்டி எடுத்துவிட்டு, மூடியை ஏதோ பெயருக்குத் திருகி வைத்தேன், கெட்டியாக இருப்பது எங்கே ஓடிவிடப் போகிறது என்று. தேங்காய் எண்ணெய் 24, 25 டிகிரியில் உருகிவிடும் என்பது எனக்குத் தெரியாதா? தெரியும். அன்றைக்குத் தோன்றவில்லை. மேட்டுப்பாளையம் இறங்குவதற்குள் அது தண்ணீராகியிருக்க வேண்டும், சென்னையில் பெட்டியைத் திறந்தபோது துண்டு குடித்தது போக மீதியைப் புடவை குடித்திருந்தது.

அழுதுகொண்டே முகப்பவுடரை இரண்டு பக்கமும் கொட்டி, இரவு முழுக்க விட்டு, காலையில் பிரஷ்ஷால் தட்டினேன். மறுபடி பவுடர், மறுபடி தட்டல். சோப்பு போட்டுத் தேய்க்காமல் இருந்ததுதான் நான் செய்த ஒரே புத்திசாலித்தனம். பிறகு டிரை கிளீனிங் கடையில், இது எண்ணெய்க் கறை, இன்ன எண்ணெய் என்று சொல்லிக் கொடுத்தேன். முக்கால்வாசி போயிற்று. உள்ளங்கை அளவுக்கு ஒரு நிழல் மட்டும் இன்னும் இருக்கிறது, நல்ல வேளையாகக் கொசுவத்துக்குள் மறைந்துவிடும் இடத்தில். கல்யாணத்துக்குத் தங்கையின் புடவையைக் கட்டிக்கொண்டு போனேன்.

இப்போது ஊட்டிக்குப் போனால் எண்ணெய் எடுத்துப்போவதில்லை. அங்கேயே சின்ன பாக்கெட் ஒன்று வாங்கிக்கொண்டு, மிச்சத்தை அறையிலேயே விட்டுவிட்டு வந்துவிடுகிறேன்.